வேறொருத்திக்காகச் சொன்ன வார்த்தை

"நில்லுடி! அந்தத் தட்டைத் தொடாதே!"

மாமியார் அஞ்சுகத்தின் குரலில் பெரியநாயகியின் கை அப்படியே நின்றது. எதிர் வீட்டில் அன்று வளைகாப்பு.

"அத்தை, பூவைத்தான் எடுத்து வைக்கலாம்னு..."

"நல்ல காரியத்துல நீ எதுக்கு முன்னால வர்றே? எம் மவனுக்கு ஒரு புள்ளையப் பெத்துக் குடுக்க வக்கில்லாதவ!"

அவள் கையை இழுத்துக்கொண்டாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். குறை தன்னிடம்தான் என்று அவள் கணவர் தியாகேசன் கல்யாணமான மறுவருஷமே சொல்லி அழுதிருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலிருந்தே காரைக்காலில் பெயரெடுத்த டாக்டர். "வெளியே தெரிஞ்சா தலைகாட்ட முடியாது, நாயகி..." என்று அவர் கெஞ்சியபோது, யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தவள் அவள். அதற்குப் பிறகு எத்தனை ஏச்சு, எத்தனை பேச்சு!

வாசல் அறையில்தான் அவர் நோயாளிகளைப் பார்ப்பார். ஊசி கழுவ வெந்நீர் எடுத்துக்கொண்டு போனவள், உள்ளே கேட்ட கூச்சலில் கதவோரமே நின்றுவிட்டாள். வெளியே கிளம்பிய அஞ்சுகமும் அவள் பின்னால் நின்றாள்.

"இவ வயித்துல ஒண்ணும் தங்காதுன்னு சொல்லிடுங்க டாக்டரய்யா! எம் மவனுக்கு வேற பொண்ணு பாத்தாச்சு!" என்றாள் சுல்தான் பீவி. பக்கத்தில் அவள் மருமகள் அமீர் நிஷா குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள்.

"இவங்களுக்கு ஒரு குறையும் இல்ல. உங்க மகனைத்தான் பரிசோதிக்கணும்."

"ஆம்பளையையா? யா அல்லா! அப்படியும் உண்டா?"

அமீர் நிஷா விம்மினாள். "நான் கடல்ல விழுந்து செத்துப் போறேன்..."

தியாகேசன் கண்ணாடியைக் கழற்றினார்.

"உண்டும்மா. எனக்கே அப்படித்தான். வாலிபத்துல பொன்னுக்கு வீங்கி வந்துச்சு... அதனால குறை எங்கிட்ட. பழியைச் சுமக்கிறது என் சம்சாரம். இந்தப் பொண்ணுக்கும் அந்தக் கதி வேணாம்!"

சுல்தான் பீவி மருமகளைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் கண்ணைத் துடைத்தாள். "அழுவாதே புள்ள... அவனைக் கூட்டியாறேன்."

கதவோரத்தில் அஞ்சுகம் பெரியநாயகியைக் கட்டிக்கொண்டு கதறினாள். "பாவி நான்! என்னென்ன பேசிட்டேன்... ஏண்டி ஒரு வார்த்தை சொல்லல?"

சுல்தான் பீவியும் மருமகளும் போனதும் தியாகேசன் தயங்கித் தயங்கி வந்தார். "சொல்லிட்டேன், நாயகி..."

"கேட்டுச்சுங்க. அந்தப் பொண்ணு பொழைச்சா. சந்தோஷம்." அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "முன்னப்பின்ன தெரியாதவ அழுதா, உடனே சொல்லத் தோணுச்சு. நான் இந்த வீட்டுக்குள்ளயே அழுதேனே... ஒரு நாளாவது தோணலியா?"

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

தருமபுரத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போக அவள் இரண்டு புடவைகளைப் பையில் வைத்துக்கொண்டாள். அஞ்சுகம் ஓடிவந்து வழியை மறித்தாள்.

"எம்மேல கோவமாடி?"

"இல்ல அத்தை. நீங்க தெரியாமப் பேசினீங்க. அவங்க தெரிஞ்சும் கேட்டுக்கிட்டு இருந்தாங்க..."

அஞ்சுகம் மகனை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மருமகளின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"நட. நானும் வர்றேன்."