படிக்கட்டில் ஆறு விநாடி

படிக்கட்டில் அந்த ஈரக்கூந்தல்காரி ஆறு விநாடிதான் நிற்பாள். ஆயுள் முழுக்கக் கைக்கடிகாரம் பழுதுபார்த்த மனிதருக்கு விநாடிக் கணக்கு தப்புமா? அன்று அவள் ஒன்பது விநாடி நின்றாள்.

கண் அசந்திருப்பேன் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார் கடிகாரக்காரர். ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல், திரைச்சீலையை இழுத்துவிட்ட கூடம், டிவியில் பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப்படம், எதிரே இரண்டு நாற்காலி. கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம். மனைவி போய்ப் பதினோரு மாதமாகியும் விடவில்லை. அதையேவா பார்க்கிறீர்கள், இப்போது அதற்குக் குழந்தைகூடப் பயப்படாதே என்று மகள் போனில் அலுத்துக்கொள்வாள்.

பயப்படவா பார்க்கிறார்? படம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அந்தப் படிக்கட்டுக் கட்டம் வந்தால் மனைவி இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, "போயிடுச்சா?" என்பாள். பேய் நடுப்படியில் நிற்கும்போதே, "போயிடுச்சு, கண்ணைத் திற" என்று சத்தியம் பண்ணாத குறையாகப் புளுகுவார். அவள் பார்த்து அலறி, அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைப்பாள். ஒவ்வொரு தடவையும் ஏமாந்தாள், மகராசி. அந்த அடிக்காகத்தான் இன்னமும் பார்க்கிறார். தோள் சும்மா கிடந்து வலித்தது.

படத்தைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். மழை இரைச்சல், கதவு முனகல், படிக்கட்டு. ஆறு. ஒன்பது. பன்னிரண்டு. மூடிவைத்த ஈரத்துணியின் வாடை கூடத்துக்குள் மெல்லப் பரவியது. சொட்டுச் சொட்டென்று தரையில் ஏதோ விழும் ஓசை டிவியிலிருந்து வரவில்லை, அவர் கால்மாட்டிலிருந்து வந்தது. ரிமோட்டை அமுக்கினார். படம் நிற்கவில்லை. இருபது. அவள் ஒரு படி இறங்கினாள். இத்தனை வருஷத்தில் அவள் இறங்கியதே இல்லை.

முதல்முறையாகக் கடிகாரக்காரர் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

இருட்டு. வாடை. சொட்டு.

பக்கத்து நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ உட்கார்ந்தால் மட்டும் வரும் சத்தம்.

பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது.

"போயிடுச்சா?" என்றார்.

"போயிடுச்சு" என்றது பதினோரு மாதமாக அவர் ஏங்கிக் கிடந்த குரல். "கண்ணைத் திறங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்ன குரல். எந்த நேரத்தில் அப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனாலும் அவளை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

கையை எடுத்தார்.

திரையில் படிக்கட்டு காலியாக இருந்தது. அவர் முகத்துக்கு நேர் எதிரே தொங்கிய ஈரக்கூந்தல் மடியில் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள்.