நடுங்காத வியாழன்

சண்முகையா அனுப்பிய வீடியோவில் வியாழன் நடுங்கவில்லை.

எபினேசர் செல்போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து மூன்று தடவை பார்த்தான். உறைந்துபோன படமோ என்று சந்தேகம். இல்லை, கீழே நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. கிரகம் என்றால் நடுங்கும். வாளித் தண்ணீருக்குள் கிடக்கும் எலுமிச்சம்பழத்தைப் பார்ப்பது போலத்தான் அதைப் பார்க்க முடியும், ஏனென்றால் நடுவிலிருக்கும் காற்று சும்மா இருக்காது. அதனால்தான் வீடியோவாக எடுத்து, ஆயிரக்கணக்கான படங்களில் தேறுகிற சிலவற்றைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டியிருக்கிறது. சண்முகையாவின் வியாழனில் பொறுக்க வேலையே இல்லை. பட்டைகளோடும் சிவப்புப் பொட்டோடும் ஆணியடித்து மாட்டியது போல நின்றது.

எபினேசருக்கு வயிறு எரிந்தது. அவனுடையது எட்டங்குல டெலஸ்கோப். சண்முகையா வைத்திருப்பது ஐந்தங்குலம், அதுவும் யாரோ வைத்திருந்து விற்றது. வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அவர் தலைக்கு மேலே இருக்கும் வானம்தான் இவன் தலைக்கு மேலும் இருக்கிறது. ஆனால் வானம் பார்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் நாற்பது பேர் அவருக்குக் கைதட்டியிருந்தார்கள். போன வாரம் எபினேசர் போட்ட படத்துக்கு விழுந்தது இரண்டே கட்டைவிரல். அதில் ஒன்று சண்முகையா போட்டது. அதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாக எரிந்தது.

மணி ஏழரை. டைல்ஸ் கடையை அடைத்துவிட்டு நேராக மாடிக்கு வந்திருந்தான். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் இன்னும் சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தது. நான்கு வாளித் தண்ணீர் ஊற்றியும் பாதத்தில் வெதுவெதுப்புத் தெரிந்தது. குருவிகுளம் பக்கமிருந்து புழுதியோடு வந்த காற்று கொடியில் கிடந்த சேலையைத் தூக்கித் தூக்கி அடித்தது, பின்தெருத் தறிக்கூடத்தின் சடசடப்பு காற்றோடு ஏறி டெலஸ்கோப்பின் முக்காலியைத் தொட்டுக்கொண்டிருந்தது, எங்கிருந்தோ மல்லிகை வாசம் வந்து வந்து போனது. இத்தனைக்கும் நடுவே படிக்கட்டு வழியாக ஞானபூரணத்தின் இளைப்புச் சத்தம் கேட்டது. உள்ளே இழுக்கும்போது சின்ன விசில், வெளியே விடும்போது ஒரு கரகரப்பு. கல்யாணமாகிப் பதினாறு வருஷமாக அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில்தான் தூங்குகிறான்.

லேப்டாப் திரையில் வியாழன் கொதித்துக்கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் சண்முகையாவுக்குப் போன் போட்டான்.

"என்னவே செய்யுதீரு? உம்ம மாடியில மட்டும் காத்து அடிக்காதோ?"



"நிக்கச் சொன்னா நிக்கும் அண்ணாச்சி." சண்முகையாவின் குரலில் கேலி இல்லை. "வாயத் திறந்து சொல்லணும், அவ்வளவுதான். ஆனா ஒங்களுக்கு வேண்டாம். எங்கெங்க நிக்கும்னு நம்ம கையில இல்ல. நான் தனியாளு. ஒங்க வீட்டுல மதினி இருக்காவ."

போன மாதம் அவர் வீட்டில் பார்த்த லவ் பேர்ட்ஸ் கூண்டு எபினேசருக்கு நினைவு வந்தது. காலியாகக் கிடந்தது. பறவைகள் எங்கே என்று கேட்டதற்குச் சண்முகையா கூண்டைத் துணியால் மூடினார்.

"போதும்வே. சொல்ல இஷ்டமில்லன்னா விட்டுரும்."

"அப்படியில்ல அண்ணாச்சி. சொல்லத்தான் போறீயன்னா, அதுக்கு முன்னால ஒண்ணு செய்யணும். மொதல்ல..."

எபினேசர் இணைப்பைத் துண்டித்தான். ஐந்தங்குலத்தை வைத்துக்கொண்டு தனக்குப் பாடம் நடத்த வந்துவிட்டார். நாற்பது கைதட்டல் செய்கிற வேலை இது.

மறுபடி ஃபோகஸைத் திருகினான். வியாழன் ஒரு நொடி தெளிந்தது. மறுநொடி கரைந்தது. தெளிந்தது, கரைந்தது. சேலை கொடியில் படபடவென்று சிரித்தது. அவனுக்குத் தாங்கவில்லை. நெஞ்சிலிருந்த மூச்சையெல்லாம் கூட்டி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல், வானத்தைப் பார்த்துக் கத்தினான்.

"நில்லு!"

முதலில் தறிச் சத்தம் போனது. மின்சாரம் போய்விட்டதோ என்று திரும்பிப் பார்த்தான். தறிக்கூடத்து ஜன்னலில் விளக்கு எரிந்தது. தறிகள் ஆடிக்கொண்டுதான் இருந்தன. சத்தம் மட்டும் இங்கே வரவில்லை.

மல்லிகை வாசம் போயிருந்தது. புழுதி வாசமும் இல்லை. எந்த வாசமும் இல்லை.

கொடியில் சேலை பாதி தூக்கியபடி நின்றது. கீழே இறங்கவில்லை.

திரையைப் பார்த்தான். வியாழன் நின்றுவிட்டது. பட்டைக்குள் பட்டை, சுழிக்குள் சுழி, பொட்டின் ஓரத்தில் மயிரிழை போன்ற வளைவு. அவசரமாகப் பதிவு பொத்தானை அழுத்தினான். கிரகம் நடுங்கவே இல்லை. நாற்பது பேரும் இனி யாருக்குக் கைதட்டுகிறார்கள் என்று பார்த்துவிடலாம். அவனுக்குச் சிரிப்பு வந்தது.

சிரிப்பு வெளியே வரவில்லை.

அப்போதுதான் கவனித்தான். விசில் இல்லை. கரகரப்பு இல்லை.

ஞானம்.

கூப்பிட்டான். உதடுதான் அசைந்தது.

படிக்கட்டுக்கு ஓடினான். கால் தரையில் மோதும் ஓசைகூட இல்லை.

அவள் பாதிப் படியில் நின்றாள். அவனுக்குக் காபி கொண்டு வந்திருக்கிறாள். டம்ளரின் ஆவி மேலே எழுந்து, ஒரு பக்கம் சாய்ந்து, அப்படியே நின்றது. முந்தானை தோளிலிருந்து விலகி அந்தரத்தில் நின்றது. ஒரு கை நெஞ்சில். வாய் திறந்திருந்தது, இழுக்க ஆரம்பித்த மூச்சுக்காக. சொன்னவனுக்கு வழிவிட்ட காற்று அவளை இறுக்கிப் பிடித்திருந்தது. அவள் விழவில்லை. அசையவில்லை.

கண்கள் மட்டும் அசைந்தன. அவனைப் பார்த்தன. கெஞ்சின.

ஒரே வார்த்தைதான். போ. அதைச் சொன்னால் போதும்.

வாயைத் திறந்தான். நெஞ்சு ஒட்டிக் கிடந்தது. இழுத்தான். இழுப்பதற்கு எதுவும் இல்லை. மறுபடி இழுத்தான். விலா எலும்பு வலித்தது.

கையிலிருந்த செல்போனில் சத்தமில்லாமல் ஒரு செய்தி ஒளிர்ந்தது. சண்முகையா.

"அண்ணாச்சி போன வச்சிட்டீய. நில்லுன்னு சொல்லும் முன்னால நெஞ்சு நெறைய மூச்சப் பிடிச்சு வச்சுக்கிடணும். திரும்பப் போகச் சொல்ல அது வேணும்."

போ. உதட்டால் சொன்னான். போ. போ.

முந்தானை அசையவில்லை.

கண் இருட்டத் தொடங்கியது. பார்க்கக் கூடாது என்று நினைத்தான். பார்த்தான். திறந்திருந்த மாடிக் கதவு வழியே திரை தெரிந்தது. சண்முகையாவுடையதைவிட நன்றாக இருந்தது.

திரும்பினான். அவன் எங்கே பார்த்தான் என்பதை ஞானபூரணத்தின் கண்கள் பார்த்திருந்தன. அவை இப்போது கெஞ்சவில்லை. இமைக்காமல் அவனையே பார்த்தன, நடுவில் அந்தக் காபியின் ஆவி சாய்ந்தபடி நிற்க.