அம்மா ஏற்றுக்கொண்ட கடிதம்

"ஏங்க... சூடு ஆறிடப் போவுது. ரெண்டு வாயாவது சாப்புடுங்களேன்..."

ரத்தினம்மாள் தட்டை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் உத்திராபதி அதைப் புறங்கையால் தள்ளினார். கேழ்வரகு தோசை தரையில் விழுந்தது. தட்டு சுவர் வரைக்கும் ஓடி, மோதி, சுழன்று அடங்கியது.

"உன் கையால சாப்புட்டு நான் உசுரோட இருக்கணுமா? வேலைக்கு உலை வச்சது பத்தாதா? போடி அந்தாண்ட!"

சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குக் கிளம்பிவிட்டார். அங்கே எண்ணெய் சொட்டச் சொட்டப் பூரி, நாலு மெதுவடை. பன்னிரண்டு நாட்களாக அதுதான் அவருக்குக் காலை ஆகாரம். மதியம் ஓட்டல் பிரியாணி, ராத்திரி பரோட்டா. மீதி நேரமெல்லாம் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதே இல்லை. டிவியில் என்ன ஓடுகிறது என்று கூடப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

ரத்தினம்மாள் குனிந்து தரையைத் துடைத்தாள். உப்பைக் குறைத்து, எண்ணெயைக் குறைத்து, விடியற்காலையிலேயே எழுந்து சுட்ட தோசை அது.

பாதி பின்னிய சடையோடு அறை வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் மகள் இளமதி. பிளஸ் டூ படிக்கிற பெண். இந்தப் பன்னிரண்டு நாட்களில் அவள் ஒழுங்காகத் தூங்கவில்லை. ஏனென்றால், அப்பாவின் வேலைக்கு உலை வைத்தது அம்மா இல்லை. அவள்தான்!

உத்திராபதி கடலூர்–சிதம்பரம் தடத்தில் இருபத்தாறு வருஷமாக அரசு பஸ் ஓட்டுகிறவர். அறுபதில் ஓய்வு. இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிதம்பரத்தில் இருக்கிற பொன்னி அத்தையைப் பார்க்க இளமதி அப்பாவின் பஸ்ஸிலேயே போனாள். புதுச்சத்திரம் தாண்டியதும் வண்டி ஓரமாக நின்றது. டயரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி அப்பா இறங்கினார். வெகு நேரம் ஆகியும் வரவில்லையே என்று அவளும் இறங்கிப் பின்பக்கம் போனாள். அங்கே... சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் அப்பா. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. இடது கை சொன்னபடி கேட்கவில்லை.

"பாப்பா, அம்மாகிட்ட சொல்லிடாத. என் மேல சத்தியம் பண்ணு."

"அப்பா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்பா..."

"போனா அன்ஃபிட்னு வண்டிய வுட்டு எறக்கிடுவான். உன் தாத்தா ஆலையில ரிட்டயர்டு ஆனாரு, நாப்பதாம் நாள் போயிட்டாரு. பெரியப்பன் ரிட்டயர்டு ஆனான், மூணாம் மாசம் பாடையில போனான். நம்ம வூட்டு ஆம்பளைங்களுக்கு வேலை நின்னா மூச்சும் நின்னுடும், பாப்பா! ஓட்டுற வரைக்கும்தான் நான் இருப்பேன்..."

தாத்தா, பெரியப்பா திருநாவுக்கரசு, இருவரும் கரும்பாலையில் வேலை பார்த்தவர்கள். அவர்களைக் கொண்டுபோனது ஓய்வுதான் என்று அந்தக் குடும்பத்தில் எல்லாரும் நம்பினார்கள். இளமதியும் நம்பினாள். அதனால் அழுதுகொண்டே சத்தியம் செய்தாள்.

ஆனால் எட்டு நாளுக்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. அப்பா செருப்பு மாட்டும்போதெல்லாம் இன்றைக்குத்தானோ, இன்றைக்குத்தானோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கடைசியில் டிப்போ மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதினாள். பள்ளிக்கூடத்துப் பெண் எழுதினால் யார் மதிப்பார்கள் என்று நினைத்து, 'டிரைவர் உத்திராபதியின் மனைவி' என்று முடித்துவிட்டாள். அந்த ஒரு வரி இப்படி அம்மாவின் தலையில் வந்து விடியும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

கடிதம் கிடைத்த அன்றே மேனேஜர் அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டி, அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார். சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் இதயப் பரிசோதனை செய்து சான்றிதழ் கொண்டுவந்தால்தான் வண்டி. அப்பா போக மறுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து, "எழுதுனது நீயாடி?" என்று அவர் கத்தியபோது ரத்தினம்மாளுக்கு ஒன்றுமே புரியவில்லை. பக்கத்தில் நின்ற மகளின் முகத்தைப் பார்த்தாள். அடுத்த கணமே, "ஆமா. நான்தான்" என்றாள்.

அன்று அடுப்படியில் இளமதி எல்லாவற்றையும் சொல்லி, அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதபோது, அவள் வாயைப் பொத்தி அம்மா சொன்னாள்: "வாயத் தொறக்காத. என்னய வெறுத்தா அவரு தாங்கிக்குவாரு. நீ சத்தியத்த மீறிட்டன்னு தெரிஞ்சா... அந்த மனுசன் அதத் தாங்க மாட்டாரு மதி."

இப்போது அந்தப் பொய்தான் அப்பாவைத் தின்றுகொண்டிருந்தது. அம்மா மேல் இருக்கிற கோபத்தில் அம்மா சமைத்ததைத் தொடுவதில்லை. அதனால் கடைச் சாப்பாடு, கொழுப்பு, உப்பு. முகம் ஊதிப்போய் இருந்தது. வாசல்படி ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்றார்.

தோசை தரையில் விழுந்த அதே காலை, வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சிதம்பரத்திலிருந்து பொன்னி அத்தை. கையில் பை கூட இல்லை. பின்னாலேயே பூரிப் பொட்டலத்தோடு உத்திராபதியும் உள்ளே வந்தார்.

"எங்க அவ? எங்கடி இருக்குற ரத்தினம்?"

"வாங்க அண்ணி..."

"என்னாத்துக்கு வாங்க? எந்தம்பிக்குக் கருமாதி சோறு திங்கறதுக்கா? எங்க அப்பாருக்கும் அண்ணனுக்கும் என்னா ஆச்சின்னு தெரிஞ்சிக்கிட்டே அவன மூலையில உக்கார வச்சிட்டியே, பாவி! பாரு, பன்னெண்டு நாள்ல ஆளு எப்படி ஆயிட்டான்!"

"அண்ணி, அவரு வண்டியில போயி..."

"பேசாத! இன்னிக்கே டிப்போவுக்குப் போ. கடுதாசியில எழுதுனது அத்தனையும் பொய்யி, புருசன் பொஞ்சாதி சண்டையில எழுதிட்டேன்னு சொல்லு. இல்லன்னா உங்க அம்மா வூட்டுக்கு, பெண்ணாடத்துக்குக் கெளம்பு. ஏன்டா, நீ சொல்லுடா!"

உத்திராபதி மனைவியைப் பார்க்காமல் பொட்டலத்தைப் பிரித்தபடி சொன்னார்: "அக்கா சொல்றதுதான். பொய்யினு எழுதிக் குடு. முடியாதுன்னா போயிடு."

ரத்தினம்மாளின் கண்கள் நிறைந்தன. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"அத மட்டும் எழுத மாட்டேங்க. எழுதுனா நாளைக்கே வண்டியில ஏறிடுவீங்க. நான் போறேன். மதி சமைப்பா... அவ கையாலயாவது சாப்புடுங்க."

கொடியில் கிடந்த இரண்டு புடவையை எடுத்து மஞ்சப்பையில் வைத்தாள். வாசலில் நின்று செருப்பைத் தேடினாள். அம்மா நிஜமாகவே போகிறாள்! இளமதி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே அப்பா பூரியைப் பிய்த்து வாயில் வைக்கப் போனார்... கை பாதியில் நின்றது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. இடது தோளை மெல்லத் தேய்த்துக்கொண்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றும் பார்த்தார்.

அவள் பார்த்துவிட்டாள்.

"அம்மா எழுதல! நான்தாம்பா எழுதுனேன்!"

"மதி, சும்மா இரு! ஏங்க, அவ பொய் சொல்றா, என்னக் காப்பாத்த..." என்று ரத்தினம்மாள் ஓடிவந்தாள்.

"இல்லப்பா! என்னா எழுதுனேன்னு சொல்லட்டா? 'ஐயா, என் வீட்டுக்காரருக்கு வண்டி ஓட்டும்போதே நெஞ்சு வலி வருகிறது. சொன்னால் கேட்க மாட்டார். நிறுத்தி வைத்து டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். பஸ்ஸில் ஐம்பது பேர் இருக்கிறார்கள். எங்களுக்கு இவர் ஒருவர்தான்...' அப்படித்தானப்பா இருந்துது? அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாதுப்பா... நீங்க அவுங்க கையால சாப்புடாம, கண்டதத் தின்னு, எங்கண்ணு முன்னாடியே செத்துக்கிட்டிருக்கீங்கப்பா!"

உத்திராபதியின் கையிலிருந்து பூரி நழுவியது.

"பாப்பா... என் மேல சத்தியம் பண்ணியே..."

அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் இளமதியை உலுக்கிவிட்டது. அடித்திருந்தால் கூடத் தாங்கியிருப்பாள்.

"பண்ணேன்! மீறிட்டேன்! என்னப் புடிக்கலன்னா பேசாதீங்க. ஆனா உசுரோட இருந்து பேசாம இருங்கப்பா!"

பொன்னி அத்தை கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். "அப்பங்கிட்ட சத்தியம் பண்ணிட்டு..."

"அத்தை, நீங்க பாக்கல! இடது கை மரத்துப் போயி, ரோட்டுல டயர்ல சாஞ்சி உக்காந்துட்டிருந்தாரு. நான்தான் அத்தை தேய்ச்சி வுட்டேன்..."

ஓங்கிய கை அப்படியே நின்றது. பொன்னி தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அப்போதும் தோளைத்தான் பிடித்திருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"இடது கையா... அண்ணனுக்கும் இடது கைதான்டா..."

"என்னாக்கா சொல்ற?"

"ரிட்டயர்டு ஆவுறதுக்கு ஒரு வருசம் முன்னாடியே. பாய்லர் ஷிப்டு முடிஞ்சி வந்து கைய நீட்டும். நான் தைலம் தேய்ச்சி வுடுவேன். யாருகிட்டயும் சொல்லாத பொன்னி, இன்னும் ஒரு வருசம்தான்னு சொல்லும். நான் சொல்லல..." மார்பில் அறைந்துகொண்டாள். "வூட்டுல உக்காந்ததாலதான் போயிட்டாருன்னு ஊரு சொல்லிச்சி. எனக்கும் அதுதான் வசதியா இருந்துச்சி. இல்லன்னா கொன்னது நான்னு ஆயிடுமே! எட்டு வருசமா என்னையே ஏமாத்திக்கிட்டேன். அன்னிக்கு நான் பண்ணாதத இந்தச் சின்னப் பொண்ணு பண்ணியிருக்கா... அவ மேல கை ஓங்குறேன், பாரு!"

இளமதியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு கதறினாள். பிறகு தவழ்ந்தே போய் ரத்தினம்மாளின் கையைப் பிடித்தாள். "வயசுல மூத்தவ, நான் கேக்குறேன். போயிடாதம்மா..."

உத்திராபதி பூரிப் பொட்டலத்தை ஓரமாகத் தள்ளிவைத்தார். பின்பு, இரவல் கேட்கிறவர் மாதிரி, "ஒரு காரு சொல்லு ரத்தினம். சிதம்பரம் போவலாம்" என்றார்.

வாடகைக் காரில் கிளம்பினார்கள். முன் சீட்டில் அப்பாவின் வலது கால், பிரேக் இல்லாத இடத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் ஈசிஜியைப் பார்த்ததும் டாக்டர் ஸ்ட்ரெச்சர் கொண்டுவரச் சொன்னார். "இதோட பஸ் ஓட்டுனீங்களா? யாரு உங்கள நிறுத்துனது? அவுங்க கால்ல விழுங்க" என்றார். அடைப்பு பெரிதாக இருக்கலாம், உடனே பார்த்தாக வேண்டும், முன்கூட்டி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

உத்திராபதி ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி மனைவியைத் தேடினார். முதல்முறையாக அவர் கண்ணில் பயம் தெரிந்தது.

"பொழச்சி வந்தாலும் வண்டி கெடையாது ரத்தினம். வண்டி இல்லாம நான் எத்தன நாளைக்கு இருப்பேன்?"

"தெரியாதுங்க. எத்தன நாளோ, அத்தன நாளும் வூட்டுல இருங்க. கல்யாணம் ஆன நாளா ஒரு தீபாவளிக்காவது என்கூட இருந்திருக்கீங்களா? ஸ்பெஷல் பஸ்ஸு, ஸ்பெஷல் பஸ்ஸுன்னே போச்சு. காலையில நம்ம கடலூரு சில்வர் பீச் வரைக்கும் என்கூட நடங்க. அதுக்கு ஆளு வேணும் எனக்கு."

அவர் சிரிக்கப் பார்த்தார். அது அழுகையாக முடிந்தது.

"பன்னெண்டு நாளு... உன்ன என்னென்ன பேசிட்டேன்..."

"வந்து பேசிக்கலாம்."

மகளைப் பார்த்து விரலை அசைத்தார். இளமதி ஓடிப்போய் அந்த விரலைப் பிடித்தாள். அப்பா அவள் கையை இறுக்கினார்.

நர்ஸ் ஒரு தாளோடு வந்தாள். "உசுருக்கு ஆபத்து வரலாம்னு தெரிஞ்சுதான் சம்மதிக்கிறோம்னு கையெழுத்து போடணும். யாரு போடுறது? பெரியவங்க யாரு, இந்த அக்காவா?"

பொன்னி பின்வாங்கினாள். உத்திராபதி தலையைத் தூக்கி, அந்த வராண்டாவில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அவுங்க இல்லம்மா. என் உசுரு விசயத்துல எழுதுற அதிகாரம் இவளுக்குத்தான். இவகிட்ட குடு."

ரத்தினம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். ஒவ்வொரு எழுத்தாக, அவசரப்படாமல், தன் பெயரை எழுதினாள்.