பதினொன்று பத்துக்கு ஒரு டீ

காலை 11.45.

செயற்கைப் பல் செய்யும் கூடத்தின் முதலாளி இரும்பு அலமாரியைத் திறந்தார். பல்லுக்கு உறை போட வாங்கி வைத்த தங்கத் துண்டுகள் ஆறு, ஒரு தகர டப்பாவில் இருந்திருக்க வேண்டும். டப்பா இருந்தது, தங்கம் இல்லை. டப்பாவைக் கவிழ்த்தார், உள்ளங்கையில் தட்டினார், அலமாரியின் கடைசித் தட்டு வரை துழாவினார். பிறகு பக்கத்து அறைக் கதவைத் தள்ளினார். உள்ளே ஓடிக்கொண்டிருந்த சாணை மோட்டாரின் முன் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் அவர் சொன்னது இரண்டே வார்த்தை.

"பையைக் காட்டுங்க."

அந்தப் பெண்ணை எல்லோரும் மெருகு அக்கா என்பார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கூடத்தின் பற்களுக்கெல்லாம் கடைசிப் பளபளப்பு அவர் கையால்தான். பையில் சாப்பாட்டு டப்பா, ஒரு பட்டன் போன், சில்லறை போட்ட சிறிய டப்பா. அவ்வளவுதான். அதைப் பார்த்த பிறகும் முதலாளி போலீசுக்குப் போன் போட்டார்.

மதியம் 12.10.

வந்த இன்ஸ்பெக்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஸ்டேஷனில் அவருக்கு வெறுங்கை மேடம் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனால் அவருக்கும் தெரியும், உள்ளுக்குள் அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. நாலு வருடமாக அவரிடம் பர்ஸ் கிடையாது, கார்டு கிடையாது, ஒரு நாணயம்கூடக் கிடையாது. காய்கறியோ, காலணி தைக்கும் கூலியோ, எதுவானாலும் போனை எடுப்பார், தட்டுவார், நடப்பார்.

"சார்ஜ் தீர்ந்து போச்சுன்னா என்ன பண்ணுவீங்க மேடம்?" என்று ஏட்டு வாரம் ஒரு தடவையாவது கேட்பார்.

"தீராது" என்பார் இன்ஸ்பெக்டர். தீர்ந்ததும் இல்லை.

ஆனால் அன்று காலை எட்டேகாலுக்கு ஏட்டுக்குச் சிரிக்க ஒரு வாய்ப்புக் கிடைத்திருந்தது. பஸ் நிலையத்து டீக்கடையில் இன்ஸ்பெக்டர் வழக்கம்போலப் போனைத் தட்ட, கடையின் ஸ்பீக்கர் பெட்டி, "பன்னிரண்டு பெறப்பட்டது" என்றது. டீக்கடைக்காரம்மா கிளாஸை நீட்டவில்லை. கரண்டியால் பின்னால் இருந்த கரும்பலகையைக் காட்டினார். இன்று முதல் டீ பதினைந்து.

"போலீசுக்கும் அதே விலைதான். இன்னும் மூணு."

இன்ஸ்பெக்டர் மூன்றையும் தட்டினார். பெட்டி மூன்று என்று சொன்ன பிறகுதான் கிளாஸ் கைக்கு வந்தது. "பழக்க தோஷம் மேடம்" என்று ஏட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

சரி, கூடத்துக்கு வருவோம்.

மாடியில் இருந்தது கூடம். வாசலை ஒட்டி முதலாளியின் மேசை. அடுத்து ஒரு நடை, அதில் அந்த அலமாரி. நடையின் ஒரு பக்கம் மெருகு அறை. கடைசியில் அச்சு அறை, அதாவது நோயாளிகளின் வாயளவுக்கு மாவுக்கட்டு மாவில் அச்சு வார்க்கும் இடம். அதன் பின்கதவைத் திறந்தால் குப்பை இறக்கும் இரும்புப் படி. இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்தார். அச்சு அறைப் பலகையில் வெள்ளை வெளேரென்று ஒன்பது வாய்கள் வரிசையாக அவரைப் பார்த்து இளித்தன.

"தங்கத்தைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"பத்து அம்பதுக்கு" என்றார் முதலாளி. "எண்ணி வச்சேன். அதுக்குள்ள ஒரு டாக்டர் போன் பண்ணிட்டார். பதினொன்றரை வரைக்கும் என் மேசையில உட்கார்ந்து அவரோட பேச்சு. எட்டு ஆர்டரும் இன்னிக்கே வேணும்னு ஒரே பிடிவாதம்."

"அலமாரி?"

"பூட்ட மறந்துட்டேன்."

"வாசல் வழியா யாராவது வந்தாங்களா?"

"என்னைத் தாண்டி ஒரு ஈ வரல. உள்ள இருந்தது இவங்க மட்டும்தான் மேடம்."

மெருகு அக்கா சுவரோரமாக நின்றார். அழவில்லை. முகத்தில் ஒட்டியிருந்த மெருகுத் தூளைக்கூடத் துடைக்கவில்லை.

"எங்க இருந்தீங்க?"

"என் அறையில. ஒன்பதரையிலேருந்து."

"வெளிய வரலையா?"

"வரல. தூசிக்காகக் கதவைச் சாத்தித்தான் வச்சிருப்பேன். மோட்டார் சத்தத்துல வெளிய இடி விழுந்தாலும் கேக்காது."

"நீங்க உள்ளயே இருந்ததை யார் பார்த்தாங்க?"

"பல்லுதான் பார்த்துச்சு."

ஏட்டு சிரிப்பை அடக்க இருமினார். இன்ஸ்பெக்டருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. பிடித்துப்போனது சாட்சியாகாதே என்ற வருத்தமும் இருந்தது.

மூன்றாவது ஆள் முதலாளியின் அக்கா மகன். அச்சு வார்ப்பது அவன் வேலை. எட்டு ஆர்டருக்கும் காலையிலேயே வார்த்துவிட்டு, பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கிளினிக்குக்குப் பல் கொடுக்கப் போனவன். ஏட்டு அவன் பையையும் சட்டையையும் சோதனை போட்டார், ஒன்றும் இல்லை. கேட்கும் முன்பே போனை நீட்டினான்.

"பத்து இருபத்தஞ்சுக்கு கிளினிக்ல கொடுத்தேன், கையெழுத்து இருக்கு. அங்க ஒருத்தரோட பேசிட்டு இருந்தேன். பதினொன்னு பத்துக்கு பஸ் ஸ்டாண்ட்ல டீ குடிச்சேன். பாருங்க. பதினொன்னு முப்பத்தஞ்சுக்கு இங்க வந்தேன். மாமா பார்த்தார்."

திரையில் அதே டீக்கடையின் பெயர். பன்னிரண்டு. நேரம் 11.10. பஸ் நிலையத்திலிருந்து கூடத்துக்கு இருபது நிமிட நடை.

"நான் கையில காசே வச்சுக்கறதில்ல மேடம்" என்றான் மருமகன். "எங்க போனேன், என்ன வாங்கினேன், எல்லாமே போன்ல இருக்கும். ஒளிச்சு மறைக்க முடியாது."

இன்ஸ்பெக்டருக்குத் தன் குரலையே வேறு வாயில் கேட்டதுபோல் இருந்தது. இந்த இடத்தில் தான் நின்றிருந்தால் தானும் இதைத்தான் காட்டியிருப்பார்.

"பார்த்தீங்கல்ல?" என்றார் முதலாளி. "இவன் காட்டிட்டான். அவங்க கிட்ட காட்ட என்ன இருக்கு? பட்டன் போனும் சில்லறை டப்பாவும். ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் விசாரிங்க."

மெருகு அக்கா அப்போதுதான் தலையை நிமிர்த்தினார்.

"மேடம், எங்க வேணும்னாலும் சோதனை போடுங்க. ராத்திரி வரைக்கும் இங்கயே நிக்கிறேன். ஆனா இந்தப் படியில நான் திருடியா இறங்க மாட்டேன். இந்தத் தெருவுல பாதிப் பேர் வாயில இருக்கறது என் வேலை."

சொல்லிவிட்டுத் திரும்பச் சுவரோரமாகப் போய் நின்றார். அந்த ஒரு பேச்சுக்காகவே இன்ஸ்பெக்டர் அவரை ஜீப்பில் ஏற்றவில்லை. ஏட்டை டீக்கடைக்கு அனுப்பினார்.

மதியம் 12.50.

"பையன் சொன்னது சரிதான் மேடம்" என்று மூச்சு வாங்க வந்தார் ஏட்டு. "அந்தம்மா போன்ல 11.10க்குப் பன்னெண்டு வந்திருக்கு, இவன் பேர்ல. பஸ் வந்து நின்ன நேரம், ஒரே கூட்டம், முகமெல்லாம் பார்க்கலையாம்."

"வேற என்ன சொன்னாங்க?"

"யாரையோ திட்டிக்கிட்டே இருந்துச்சு. நான் நின்னு கேக்கல. காலையிலயே நம்மள அவமானப்படுத்தின வாய்தானே மேடம். ரொம்பத் தாகமா இருக்கு, கீழ போய்த் தண்ணி வாங்கிக்கட்டுமா?"

"நான் வாங்கித் தர்றேன், வாங்க."

மதியம் 1.00.

கீழே மருந்துக்கடையில் ஒரு தண்ணீர் பாட்டில். இன்ஸ்பெக்டர் போனைத் தட்டினார். பணம் போனதா என்று பார்க்க அன்றைய பட்டியலைத் திறந்தார். மேலே தண்ணீர். அதற்குக் கீழே டீக்கடை, மூன்று. அதற்கும் கீழே டீக்கடை, பன்னிரண்டு.

அவர் அப்படியே நின்றுவிட்டார். ஏட்டு பாதி பாட்டிலைக் காலி செய்து திரும்பியபோது மேடம் பக்கத்தில் இல்லை. இரண்டிரண்டு படியாக மேலே ஏறிக்கொண்டிருந்தார்.

மதியம் 1.05.

எல்லோரையும் அச்சு அறைக்குக் கூப்பிட்டார். மருமகனிடம் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தார்.

"அந்தக் கடையில டீ எப்படி இருக்கும் தம்பி?"

"நல்லா இருக்கும் மேடம். பஸ்ஸுல வந்து இறங்கினா அங்கதான் குடிப்பேன்."

"இன்னிக்கு?"

"இன்னிக்குக் காலையில ஃப்ரெண்டு வண்டியில வந்து இறங்கினேன். அதான் பதினொன்னு பத்துக்குக் குடிச்சேன்னு சொன்னேனே."

"என்ன விலை?"

"பன்னெண்டு."

"எப்பலேருந்து?"

"ரெண்டு வருஷமா அதே விலைதான்."

இன்ஸ்பெக்டர் டீக்கடைக்காரம்மாவுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"அம்மா, காலையில என்கிட்ட இன்னும் மூணு வாங்கினீங்களே, வேற யார்கிட்டயாவது அப்படி வாங்கினீங்களா?"

"யாரை விட்டேன்?" கடையின் இரைச்சலுக்கு மேல் குரல் கணீரென்று வந்தது. "விடிஞ்சதுலேருந்து பன்னெண்டு போட்ட அத்தனை பேரையும் நிறுத்தி மூணு வாங்கியிருக்கேன். பதினஞ்சும் முழுசா வந்துச்சுன்னு பெட்டி சொல்லாம என் கையிலேருந்து கிளாஸ் போகாது. ஒரே ஒரு ஆள்தான் ஏமாத்திட்டான். பெட்டி பன்னெண்டுன்னுச்சு, நான் இன்னும் மூணுன்னு கத்தினேன், ஒரு பயலும் திரும்பிப் பார்க்கல. டீயும் கேக்கல. என்ன ஜென்மமோ. அதைத்தான் உங்க ஏட்டய்யாகிட்ட சொல்லிட்டிருந்தேன், அவர் காதுலயே வாங்கல."

"அது எத்தனை மணி?"

"பதினொன்னு பத்து. இப்பதானே அவர் பார்த்துட்டுப் போனார்."

ஏட்டு பாட்டிலின் மூடியை ரொம்பக் கவனமாகத் திருகினார்.

"நல்லாக் கேட்டுக்குங்க" என்றார் இன்ஸ்பெக்டர் முதலாளியிடம். "போன் பொய் சொல்லல. 11.10க்கு இவர் போன்லேருந்து பன்னெண்டு போச்சு, அது சத்தியம். இவர் அங்க நின்னார்னு போன் எங்கயும் சொல்லல. அதை நாமளா சேர்த்துக்கிட்டோம். வழக்கமாப் பணம் போடற கடைன்னா பேர் போன்லயே இருக்கும். படுக்கையில படுத்துக்கிட்டே தட்டலாம். கடைக்கு நேர்ல போயிருந்தா பலகையைப் பார்த்திருப்பார். பார்க்கலைன்னாலும் அந்தம்மா விட்டிருக்க மாட்டாங்க. காலையில என்னையே விடலையே."

இன்ஸ்பெக்டர் மருமகன் பக்கம் திரும்பினார்.

"கிளினிக்லேருந்து நேரா வந்து, தாழ் போடாம வச்சிருந்த பின்கதவுக்குப் பின்படியில ஏறியிருக்கீங்க. மாமா போன்ல, அக்கா மோட்டார்ல. எடுக்க ரெண்டு நிமிஷம். அப்புறம் இதே அறையில நின்னுக்கிட்டே ஒரு டீக்குக் காசு போட்டீங்க. திரும்பப் பின்படியில இறங்கி, 11.35க்கு வாசல் வழியா வந்தீங்க."

"அப்ப தங்கம் எங்க?" என்றான் அவன். கடைசிப் பிடி அதுதான். "என்னைச் சோதனை போட்டுட்டீங்களே."

"இந்த அறையை விட்டே போகல. எத்தனை ஆர்டர்னு சொன்னீங்க முதலாளி?"

"எட்டு."

"பலகையில எத்தனை வாய் இருக்கு?"

முதலாளியின் விரல் காற்றில் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போய் ஒன்பதில் நின்றது.

எது என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே இளிப்பு. அவர் சுவரோரம் திரும்பி, "அக்கா, கொஞ்சம் பாருங்க" என்றார்.

மெருகு அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். ஒவ்வொரு அச்சாக எடுத்தார், உள்ளங்கையில் ஒரு நொடி வைத்தார், வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். ஆறாவதை எடுத்தவர் கீழே வைக்கவில்லை.

"இது வெயிட்டு தப்பு" என்றார். திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். "ஆர்டர் நம்பரும் கீறல. இந்த வாய்க்கு நான் போன மாசமே பல்லு போட்டு அனுப்பிட்டேன். பழைய அளவுல திரும்ப வார்த்திருக்கான். இன்னும் ஈரம் காயல."

சுத்தியலையும் அவரே எடுத்தார். ஒரே தட்டு. மாவு இரண்டாகப் பிளந்தது. ஆறு மஞ்சள் துண்டுகள் பலகையில் உருண்டன.

"போன்ல கணக்கா எல்லாம் வச்சிருக்கற நீ ஏண்டா..." என்றார் முதலாளி.

"பையைக் காட்டுன்னு நீங்க யாரை முதல்ல கேப்பீங்கன்னு எனக்குத் தெரியும் மாமா" என்றான் மருமகன் தரையைப் பார்த்து. "அவங்க கிட்ட காட்டறதுக்கு எதுவும் இருக்காதுன்னும் தெரியும்."

திருட்டைவிட அந்தப் பேச்சுதான் முதலாளியைக் குனிய வைத்தது. மெருகு அக்காவின் முன் வந்து நின்றார். கையைக் கூப்பினார்.

"அப்புறம் பேசிக்கலாம்" என்றார் மெருகு அக்கா. "ஒரு பல்லு பாதியில நிக்குது." உள்ளே போனார். மோட்டார் ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு இன்ஸ்பெக்டருக்கு நெஞ்சு நிமிர்ந்தது, தன்னை நினைத்து அல்ல.

மாலை 5.15.

வேலை முடிந்து மெருகு அக்கா படியிறங்கினார். முதலாளி வாசல் வரை வந்தார், தெருவில் இருந்தவர்களும் பார்த்தார்கள். கீழே இன்ஸ்பெக்டர் ஜீப்போடு காத்திருந்தார்.

பஸ் நிலையத்து டீக்கடையில் இரண்டு டீ. இன்ஸ்பெக்டர் முப்பது தட்டப் போனார். மெருகு அக்கா அவர் கையைத் தடுத்தார்.

"என் டீக்கு நான் கொடுப்பேன் மேடம்."

வற்புறுத்தினால் தப்பாகிவிடும் என்று இன்ஸ்பெக்டருக்குப் புரிந்தது. பதினைந்து மட்டும் தட்டினார். "பதினைந்து பெறப்பட்டது" என்றது பெட்டி. மெருகு அக்கா சில்லறை டப்பாவைத் திறந்து, பதினைந்தையும் எண்ணி மேடையில் வைத்தார். அதற்குப் பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்லும்?

டீக்கடைக்காரம்மா இரண்டு பேரையும் பார்த்தார். மதியம் போனில் கேட்ட கேள்வியின் முழுக்கதையும் அதற்குள் ஏட்டு மூலம் அவருக்கு வந்து சேர்ந்திருந்தது. நாணயங்களைக் கையில் அள்ளிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். கடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, பெட்டியின் அதே ராகத்தில் சொன்னார்.

"பதினைந்து பெறப்பட்டது."

பிறகுதான் கிளாஸை நீட்டினார்.