பெருவிரல் பதிந்த ஓட்டுத்துண்டு

"எரிந்துவிட்டது" என்று ரதிதேவி சொன்னபோது வகுப்பில் ஒருவரும் நம்பவில்லை.

ஊரைவிட்டு வந்து வெளிநாட்டில் குடியேறிய ஏவன்டேலில் அவள் படித்த பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வழக்கம். வீட்டிலிருந்து ஏதாவது பழைய பொருளைக் கொண்டுவந்து காட்டிப் பேச வேண்டும். ரதிதேவியிடம் பழைய பொருள் எதுவும் இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன், கொழும்புக் கலவரத்தில் அவர்கள் வீட்டை எரித்துவிட்டார்கள்.

"போன முறையும் எரிந்துவிட்டது என்றாய்" என்றான் கிரெய்க். "உன் வீட்டில் எரியாமல் மிஞ்சியது பொய் மட்டும்தானா?"

வகுப்பே சிரித்தது.

ஓகஸ்ட் விடுமுறைக்கு அமெரிக்காவிலிருந்து சற்குணம் சித்தப்பா டிக்கெட் அனுப்பினார். அப்பாவும் அவளும் கிளம்பினார்கள். விரி என்ற இடத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போன அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை.

'இந்த முறை எதையாவது கொண்டுபோயே தீருவேன்' என்று ரதிதேவி நினைத்துக்கொண்டாள்.

சித்தப்பா டாக்டராக இருந்த ஊர் பாலைவனத்தின் நடுவே இருந்தது. ஒரு தேவாலயம், ஒரு பெட்ரோல் நிலையம், அவர் வேலை செய்த சின்ன ஆஸ்பத்திரி. மிச்சமெல்லாம் வெயில்.

ஊருக்கு வெளியே, மலையடியில், இடிந்த கல் வீடுகள் வரிசையாக நின்றன. அந்த மண்ணின் பழங்குடிகளான பியூப்லோ மக்களின் முன்னோர்கள் பல நூறு வருடங்களுக்கு முன் கட்டியவை. கூரை இல்லை. கதவும் இல்லை.

சித்தப்பா இருவரையும் அங்கே கூட்டிப்போனார். போகும் வழியில் மண்ணுக்குள் சாம்பல் நிறமாக ஏதோ தெரிந்தது. பானை ஓட்டுத்துண்டு! ரதிதேவி அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டாள். கிரெய்க்கின் முகத்தை இப்போதே பார்க்க வேண்டும்போல் இருந்தது.

முதல் வீட்டு வாசலில் அவள் செருப்பைக் கழற்றினாள். அடுத்த நொடியே சூடு தாங்காமல் துள்ளிக் குதித்தாள்.

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "உள்ளுக்கு ஆர் இருக்கினம் எண்டு செருப்பைக் கழட்டுறாய், பிள்ளை?"

"வீடுதானே, சித்தப்பா."

"கால் வெந்துபோகும். போடு, போடு!"

அப்பா சிரிக்கவில்லை. உள்ளே ஒரு மூலையைப் பார்த்தபடி நின்றார். அங்கே தேய்ந்து குழிந்த ஓர் அரைக்கும் கல் கிடந்தது.

"என்னப்பா?"

"எங்கட அம்மி மாதிரிக் கிடக்கு." அப்பாவின் குரல் இறங்கியது. "எரிஞ்ச பிறகு நான் போய்ப் பார்த்தனான். அம்மியையும் ஆரோ தூக்கிக்கொண்டு போயிட்டாங்கள். கல்லு எரியாது, அதாவது மிஞ்சும் எண்டு கொம்மா இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறா. நான் அவவுக்குச் சொல்லேல்லை."

ரதிதேவி பைக்குள் இருந்த ஓட்டுத்துண்டை மெல்ல வெளியே எடுத்தாள். அதில் சின்னதாக ஒரு குழி இருந்தது. ஈர மண்ணில் யாரோ பெருவிரலால் அழுத்திய தடம். தன் விரலை வைத்துப் பார்த்தாள். அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

அவள் வந்த வழியே திரும்பி நடந்தாள். கிரெய்க்கின் சிரிப்பு காதில் கேட்டது. ஆனாலும் எடுத்த இடத்திலேயே துண்டை வைத்தாள்.

"சும்மா நிலத்தில கிடந்ததுதானே பிள்ளை, ஆர் கேட்கப்போகினம்?" என்றார் பின்னால் வந்த சித்தப்பா.

"எங்கட அம்மியும் நிலத்திலதான் கிடந்தது, சித்தப்பா."

சித்தப்பா தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார்.

விடுமுறை முடிந்து வந்த வெள்ளிக்கிழமை, ரதிதேவி வகுப்பின் முன்னால் நின்றாள். அவள் கையில் ஓர் உருண்டை களிமண் மட்டும் இருந்தது. அதில் பெருவிரலை அழுத்தி எடுத்துக் காட்டினாள்.

"நான் பார்த்த ஓட்டுத்துண்டில் இதே அளவில் ஒரு குழி இருந்தது."

"அந்தத் துண்டு எங்கே?" என்றான் கிரெய்க். "அதுவும் எரிந்துவிட்டதா?"

"இல்லை. அது அதைச் செய்தவர்களின் வீட்டருகிலேயே இருக்கிறது. எங்கள் வீட்டில் மிஞ்சியதை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். நான் அப்படி எடுக்கவில்லை."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கிரெய்க் எழுந்து வந்து களிமண்ணைக் கையில் வாங்கினான். தன் விரலை அந்தக் குழிக்குள் வைத்துப் பார்த்தான்.

"உங்கள் வீடு எரிந்தபோது நீ எங்கே இருந்தாய்?" என்று மெதுவாகக் கேட்டான்.

அதுவரை ஒருவரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

ரதிதேவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சொல்லத் தொடங்கினாள்.