ஹேரின் எடுத்த நூல்

படத்தில் நூலைக் காணவில்லை.

ப்யோங்சு ரிமோட்டை அழுத்தி மறுபடியும் ஓட்டினான். முதல் பிறந்தநாள் மேசையில் அரிசி, தூரிகை, பணம், வெள்ளை நூல்கண்டு எல்லாம் வைத்துப் பரப்பியபோது மகள் ஹேரின் நூலைத்தான் எடுத்தாள். குழந்தை எடுக்கும் பொருள்தான் அதன் எதிர்காலம், நூலென்றால் நீண்ட ஆயுள் என்று எல்லோரும் கைதட்டினார்கள். மறு வருடமே காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. அவள் 'அப்பா' என்று கூப்பிட்டது அந்தப் பிறந்தநாளில் எடுத்த ஒரே வீடியோ டேப்பில்தான் இருந்தது, அதுவும் இரைச்சலுக்குள் புதைந்து.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் சுவரை அடைக்கும் டிவி, சோபாவைச் சுற்றி ஸ்பீக்கர்கள், ஞாயிறு மதியத்தையும் இருட்டாக்கும் திரைச்சீலை எல்லாம். பழைய படத்தின் புள்ளிகளையும் இரைச்சலையும் துடைக்கும் மென்பொருளும் வாங்கினான். சுத்தமான பிரதி வந்த சந்தோஷத்தில் டேப்பைக் குப்பையில் போட்டுவிட்டான். மெல்லிய நூலையும் கீறல் என்றெண்ணி மென்பொருள் துடைத்துவிட்டது இப்போதுதான் தெரிந்தது.

மனைவி ஜங்ரிம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். சோயா விழுது கொதிக்கும் வாசனை கூடவே வந்தது.

"ஹேரின் அப்பா, இது யாரு வீட்டுப் பிள்ளை?"

"நம்ம பிள்ளைதான். தெளிவா இருக்கறதால உனக்கு அடையாளம் தெரியல."

"பெத்தவளுக்குத் தெரியாதா? இது அவ இல்ல. அணைச்சிடுங்க."

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

அவன் அணைக்கவில்லை. மெழுகு தடவியது போன்ற அந்த முகத்தில் வாய் திறந்து மூடியது, முன்னால் இருந்த ஸ்பீக்கர்களில் சத்தமே வரவில்லை. முதுகுக்குப் பின்னால்தான் கேட்டது, அவன் துடைத்தெறிந்த அதே இரைச்சல், அதற்குள் ஒரு மூச்சு, மூச்சுக்குள் ஒரு விம்மல். அந்தப் பழைய டேப்பின் ஒலி முன் ஸ்பீக்கர்களுக்கு மட்டும்தான், பின்னால் ஒலிக்க அதில் எதுவுமே கிடையாது. எழுந்துபோய்ப் பின் ஸ்பீக்கர்களின் ஒயரைப் பிடுங்கிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

இரைச்சல் நிற்கவில்லை.

"அப்பா."

ஹேரின்தான். சந்தேகமே இல்லை. இத்தனை நாள் ஏங்கிய குரல். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

திரையில் குழந்தை அசையாமல் நின்றது. ரிமோட்டை அவன் தொடவில்லை. அதன் கண்கள் அவனைத் தாண்டி, சோபாவுக்குப் பின்னால் பார்த்தன. மெதுவாக விரலை உதட்டில் வைத்தது.

பின்னால் விம்மல் அறுந்தது. இரைச்சலும்.

திரையில் இருந்தது கையை விரித்தது. உள்ளே நூல். பளிச்சென்று வெள்ளையாக.

பிறகு சிரித்தது. முன் ஸ்பீக்கரிலிருந்து, துளி இரைச்சல் இல்லாமல், ஹேரினின் குரலில் கூப்பிட்டது.

"அப்பா."