கடைசி மடிப்பு

காலையில் நாற்காலிமேல் சுருட்டிப் போட்டுவிட்டுப் போன சட்டை, சாயங்காலம் வகுப்பு முடிந்து வந்தபோது மடித்து வைக்கப்பட்டிருந்தது.

மடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு சாண் அகலம், கைகள் அடியில், ஓரம் உள்ளே செருகி, நகத்தால் அழுத்தி நீவிய கோடு. அவளுடைய அப்பாவின் ஜவுளிக்கடை மடிப்பு. கடல் தாண்டிய இந்த ஊரில் அது யாருக்குக் கைவரும்?

கோடைப் படிப்புக்கு அவள் பத்து வாரம் கேட்டாள். அப்பா நாலில் ஆரம்பித்தார். எட்டில் பேரம் படிந்தது. "சரி, உனக்காக நஷ்டப்படுறேன் போ," என்று வாடிக்கையாளரிடம் சொல்லும் அதே பொய்யைச் சொல்லிவிட்டு, பெட்டியை அவரே அடுக்கிக் கொடுத்தார்.

கடையில் அவர் எந்தத் துணியையும் முழுக்கப் பிரித்துக் காட்டமாட்டார். கடைசி மடிப்பை மட்டும் விட்டுவைத்து, "நீங்களே பிரிச்சுப் பாருங்கம்மா," என்று நகர்ந்துகொள்வார். கை பட்டுவிட்டால் வாங்காமல் எழுந்திருக்க மாட்டார்களாம். "கழுதை, நீ மட்டும் எந்தக் கடையிலயும் கடைசி மடிப்புல கை வச்சிடாத," என்று மகளுக்குத் தொழில் ரகசியமும் சொல்லியிருந்தார்.

மறுநாள் துண்டு மடித்திருந்தது. அதற்கடுத்த நாள் அலமாரி முழுவதும். அறையில் கஞ்சி போட்ட புதுத்துணியின் வாசம், மூக்கில் ஏறுகிற அளவுக்கு.

வீட்டுக்காரம்மாவிடம் போய், துணி மடித்ததற்கு நன்றி சொன்னாள். அந்த அம்மாள் தன் பாஷையில் கோபப்பட்டாள்: "உன் ரூம் சாவி உன்கிட்டதானே இருக்கு? நானே கேக்கணும்னு இருந்தேன். பகல் பூரா உள்ள யாரோ துணி உதறுறாங்க. ஆள் தங்க வைக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

அறைக்குத் திரும்பி, ஊரில் கடை மூடுவதற்குள் என்று அண்ணனைப் போனில் கூப்பிட்டாள். ஒன்பது நாளாக அப்பா போனுக்கு வரவில்லை. சரக்கெடுக்கப் போயிருக்கிறார், சிக்னல் இல்லை, இப்போதுதான் தூங்கினார். தினம் ஒரு காரணம்.

"கடையில ஏண்ணா சத்தமே இல்ல?"

"கூட்டமில்லம்மா."

கூட்டமில்லை என்று அந்தக் குடும்பத்தில் யாரும் வாய் தவறிக்கூடச் சொன்னதில்லை. ஈ ஓட்டிக்கொண்டிருந்தாலும், நிற்க இடமில்லை என்றுதான் சொல்வார்கள்.

"அண்ணா. அப்பா எங்க?"

மறுமுனையில் அண்ணனின் குரல் உடைந்தது.

"உன் பரீட்சை முடியட்டும்னு அம்மாதான்... ஒன்பது நாளாச்சும்மா. கல்லாவுல உக்காந்தபடியே போயிட்டாரு. முகத்தை மூடுறப்போ, சின்னவ பாக்கலையே, சின்னவ பாக்கலையேன்னு அம்மா..."

போனை அவள் எப்போது கீழே வைத்தாள் என்று தெரியாது. மணிக்கணக்காகச் சுவரைப் பார்த்தபடியே நின்றாள். மணி ஒன்பது ஆகியும் அணையத் தெரியாத அந்த ஊர் வெயில், ஜன்னல் வழியாக அவள் முதுகைத் தாண்டிக் கட்டில்வரை நீண்டிருந்தது. நான் கேட்ட பத்து வாரம். நான் அடித்த பேரம். அப்பா, நாலிலேயே நிறுத்தியிருக்கக் கூடாதா?

பின்னால், பட்டென்று ஒரு சத்தம்.

துணி உதறும் சத்தம்.

திரும்பினாள்.

காலையில் அவள் வெறுமனே விட்டுப்போன கட்டிலின்மேல், வெள்ளைத் துணி. தலைமாட்டிலிருந்து கால்மாட்டுவரை ஓர் ஆள் நீளம். தட்டையாக இல்லை. கால்விரல்கள் மேடு. முழங்கால் மேடு. கைகள் கோத்த இடத்தில் ஒரு மேடு. எல்லா மடிப்பும் பிரிந்து, நீவிவிட்டிருந்தது.

முகத்தின்மேல் மட்டும் ஒன்று பாக்கி. ஒரு சாண் அகலம். ஓரம் அவள் பக்கமாகத் தூக்கி விடப்பட்டிருந்தது.

கஞ்சி வாசம். அதற்கடியில் வேறு வாசம். ஒன்பது நாள் வாசம்.

ஓடியிருக்கலாம். கதவு நாலடி தூரம்.

ஆனால் அவள் பார்க்கவில்லையே. எல்லோரும் பார்த்தார்கள். அவள் மட்டும்.

"அப்பா," என்றாள்.

வாய் இருக்கவேண்டிய இடத்தில் துணி மெல்லக் குழிந்தது. உள்ளே இழுபட்டது. நின்றது. காத்திருந்தது.

தொடாதே என்று சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

அவளுடைய இரண்டு விரல்கள் ஏற்கெனவே ஓரத்தைப் பிடித்திருந்தன. துணிக்கு அந்தப் பக்கமிருந்து, ஒரு நகம் அந்தக் கோட்டை மெதுவாக நீவியபடி அவள் விரலை நோக்கி வந்தது.